பழைய ரிமோட் உயிரோடு இருக்கும்போதே

டிவி ரிமோட் கீழே விழுந்து உடைந்த பிறகு யுனிவர்சல் ரிமோட் வாங்கக் கிளம்புவதுதான் நம் வழக்கம். அட்டையில் எல்லா டிவிக்கும் பொருந்தும் என்று போட்டிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் சத்தம் கூடும், குறையும். மெனு மட்டும் வராது. மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுவோம். சரக்கு மட்டமாகவும் இருக்கலாம்தான். ஆனால் பெரும்பாலும் கோளாறு நாம் வாங்கப் போன நேரத்தில் இருக்கிறது.

ரிமோட் அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அதை விட்டுவிட்டுத் துடிக்கவைத்து, இடைவெளியைக் கூட்டிக் குறைத்துத்தான் கட்டளை போகிறது. இதற்குப் பொது விதி எதுவும் கிடையாது. பலர் பின்பற்றும் என்இசி (NEC) முறையில் அந்த ஒளி நொடிக்கு 38,000 முறை துடிக்கும், பிலிப்ஸின் ஆர்சி-5 முறையில் 36,000, சோனியில் 40,000. ஒரே முறையைப் பயன்படுத்தும் இரண்டு கம்பெனிகள்கூட மெனுவுக்கு வெவ்வேறு எண் வைத்திருக்கும். ஆகவே, கோடு நம்பர் போட்டு செட் செய்யும் ரிமோட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அதைத் தயாரித்த அன்று உள்ளே ஏற்றிய பட்டியல் மட்டுமே. உள்ளூரில் அசெம்பிள் செய்த டிவி அதில் இருக்க வாய்ப்பு குறைவு. இதற்கு மாற்று, இன்னொரு ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வகை. ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் 1987-லேயே அப்படி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று நம் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகள் பலவற்றில் டிவிக்கென்று தனியாக உள்ள நாலைந்து பட்டன்களும் இதே வேலையைச் செய்பவைதாம். செட் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு எரியும். பிறகு இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்காக வைத்து, இதில் ஒன்று, அதில் ஒன்று என்று அழுத்தினால் முடிந்தது. ஆனால் கற்றுக்கொடுக்க ஆசிரியர் உயிரோடு இருக்க வேண்டுமே!

மாடல் நம்பரைச் சொன்னால் டூப்ளிகேட் ரிமோட் கிடைக்குமே என்பார்கள். பேர்போன கம்பெனி என்றால் கிடைக்கும், அதை வாங்குவதே சுலபம். பெயர் தெரியாத டிவிக்கு, 'பழைய ரிமோட்டைக் கொண்டுவாங்க' என்பார் கடைக்காரர். செல்போன் போதாதா என்றால், அகச்சிவப்பு விளக்கு உள்ள போன்கள் சிலதான். அவற்றில் உள்ள ரிமோட் ஆப்புகளும் பெரும்பாலும் பட்டியலை நம்பியே ஓடுகின்றன. மைக் வைத்த ஸ்மார்ட் டிவி ரிமோட் மட்டும் உண்மையான விதிவிலக்கு. அதன் பல பட்டன்கள் புளூடூத்தில் பேசுவதால், ஒளியைப் பார்த்துக் கற்கும் ரிமோட்டுக்கு அவை எட்டாது.

ஏசி விஷயத்தில் என் வாதம் தலைகீழாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஏசி ரிமோட்டில் வெப்பநிலையைக் கூட்டும் பட்டனை அழுத்தினால் 'ஒன்று கூட்டு' என்று மட்டும் போகாது. 25 டிகிரி, கூலிங், ஃபேன் நடுத்தரம் என்று முழு நிலையும் ஒவ்வொரு முறையும் போகும். அதைக் கற்ற ரிமோட், எத்தனை முறை அழுத்தினாலும் அந்த 25-ஐயே திரும்பத் திரும்பச் சொல்லும். எனவே ஏசிக்குப் பட்டியல் வகைதான் சரி. செலக்ட் பட்டனை அழுத்திப் பிடித்தால் கோடு நம்பர்கள் தானாக ஓடும். ஏசி 'பீப்' என்றதும் விட்டுவிட வேண்டும். அதோடு நின்றுவிடாமல் ஃபேன் வேகம் மாறுகிறதா, ஸ்விங் அசைகிறதா என்றும் பாருங்கள். பக்கத்து நம்பரில் பாதி வேலை மட்டும் நடப்பது சகஜம்.

டிவிக்கு வாங்குவதானால், பழைய ரிமோட்டில் பட்டன் தேயத் தொடங்கியதுமே வாங்கிவிடுங்கள். பழையதில் ஒளி வருகிறதா என்று செல்போனின் செல்ஃபி கேமராவில் பாருங்கள்; பெரும்பாலும் நுனியில் ஊதா நிறப் புள்ளி தெரியும். பவர், சத்தம் மட்டுமல்லாமல் இன்புட், மெனு, அம்புக்குறிகள், ஓகே எல்லாவற்றையும் கற்றுக்கொடுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மாட்டிப் பாருங்கள். கற்றதை மறந்துவிடும் ரிமோட் என்றால் அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.