பாட்டுக்கும் உண்டு பதிவு எண்

பர்கூரில் உட்கார்ந்துகொண்டே இன்று ஒரு பாட்டை ஸ்பாட்டிஃபையில் வெளியிடலாம். கேசட் கம்பெனி தயவு வேண்டாம். விநியோக நிறுவனத்தின் தளத்தில் ஏற்றினால் போதும். அங்கே நிரப்பும் படிவத்தில் 'ஐ.எஸ்.ஆர்.சி. உண்டா?' என்றொரு கட்டம் வரும். பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். முதல் பாட்டுக்குப் பாதகமில்லை, பெரும்பாலும் நிறுவனமே ஓர் எண்ணை ஒதுக்கிவிடும். வினை பிறகுதான்.

ஐ.எஸ்.ஆர்.சி. என்பது ஒலிப்பதிவுக்கான சர்வதேச அடையாள எண். 1986-ல் ஐ.எஸ்.ஓ. தரமாக வந்தது, ஐ.எஃப்.பி.ஐ. என்ற சர்வதேச ஒலிப்பதிவுத் துறை அமைப்பு உலக அளவில் நிர்வகிக்கிறது, இந்தியாவில் ஐ.எம்.ஐ. என்ற இந்திய இசைத் துறை அமைப்பு வழங்குகிறது. மொத்தம் 12 இடங்கள். முதல் 5 யார் வழி எண் ஒதுக்கப்பட்டது என்பதைக் காட்டும். இந்தியாவில் வழங்கிய எண்ணென்றால் 'ஐ.என்.' என்று தொடங்கும். அடுத்த 2 இடங்கள் எண் ஒதுக்கிய ஆண்டு, கடைசி 5 வரிசை எண்.

கவனிக்க வேண்டியது, எண் பாட்டுக்கல்ல, பதிவுக்கு. 2021-ல் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. அதே ஆண்டு டிஜே ஸ்நேக் அதை ரீமிக்ஸ் செய்தார். விதிப்படி இரண்டும் வெவ்வேறு பதிவுகள், வெவ்வேறு எண்கள். தெலுங்கும் கன்னடமும் புழங்கும் நம் எல்லைப் பக்கத்தில் ஒரே மெட்டைத் தெலுங்கிலும் பாடினால் அதற்கும் தனி எண். ஆனால் தனிப்பாட்டாக வந்ததே மாற்றமின்றி ஆல்பத்தில் சேர்ந்தால் பழைய எண்தான். ஆல்பத்துக்கென யு.பி.சி. என்ற பார்கோடு எண் வேறு.

அமெரிக்க நிறுவனம் கொடுத்த எண்ணில் அந்நாட்டு எழுத்து இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். கர்நாடகத்தில் வாங்கிய வண்டி இங்கேயே தங்கிவிட்டால் கே.ஏ. எண்ணை நம் பகுதியின் டி.என்.24 ஆக்க வேண்டும். ஆனால் பாட்டின் எண்ணை மாற்றவே கூடாது. நிறுவனம் மாறும்போது கட்டத்தைக் காலியாக விட்டால் புது எண் விழும். அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பழைய எண்ணோடு தங்கிவிட, பாட்டு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க நேரலாம்.

இந்த எண் உரிமைச் சான்றும் அல்ல. யாருக்கு எத்தனை பங்கு என்பதை எழுத்தில் ஒப்பந்தமாகப் போட்டுக்கொள்வதே நல்லது. பாடலாசிரியர், இசையமைப்பாளருக்கான ராயல்டிக்கு 1969-ல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பில் தனியே சேர வேண்டும்.

பழைய கணக்கை மூடுமுன் எல்லா எண்களையும் ஒரு தாளில் குறித்துவிடுங்கள். தவறவிட்டவர்கள் ஐ.எஃப்.பி.ஐ.யின் ஐ.எஸ்.ஆர்.சி. தேடல் தளத்தில் பாடகர் பெயரையும் பாட்டின் பெயரையும் இட்டுப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது.