வன்தட்டு போனால் எல்லாம் போய்விட்டதா?

கணினியைத் திறந்தால் கறுப்புத் திரை. அதில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. பெட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்ற ஓசை. பெரும்பாலும் இது வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், பழுதாகிவிட்டதற்கான அறிகுறி.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய அச்சகத்துக்கு இந்த நிலை வந்ததாக வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாக வடிவமைத்த திருமண அழைப்பிதழ்கள், ஆலயத் திருவிழா அறிக்கைகள், சங்க மலர்கள் எல்லாமே அந்த ஒரே கணினியில்தான் இருக்கின்றன. துன் சம்பந்தன் சாலையில் மோனோரயில் ஏறி இம்பி நிலையத்தில் இறங்கினால், சற்றுத் தொலைவில் லோயாட் பிளாசா. புதிய தட்டு உடனே கிடைக்கும். விண்டோஸ் இயங்குதளத்தை மீண்டும் நிறுவ ஒரு பிற்பகல் போதும். ஆனால் பல ஆண்டு உழைப்பு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. ஆகவே எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் பழைய தட்டு

பழுதான தட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். 'டிக், டிக்' ஓசை வரும் தட்டுக்கு மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கக் கூடாது. உள்ளே சுழலும் வட்டின் மேல் மயிரிழையைவிடக் குறுகிய இடைவெளியில் நகரும் முனை, வட்டைக் கீறிவிடக்கூடும். அதைத் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுப்பதே நல்லது.

ஓசை எதுவும் இல்லாமல் தட்டு மெதுவாக மட்டும் இயங்கினால், யூஎஸ்பி இணைப்பான் மூலம் வேறொரு கணினியில் பொருத்தி, மிக முக்கியமான கோப்புகளை முதலில் நகலெடுக்கலாம். 'ஃபார்மேட் செய்யவா?' என்று திரையில் கேள்வி வந்தால், 'வேண்டாம்' என்பதுதான் பதில். பிட்லாக்கர் பூட்டு போட்ட தட்டு என்றால் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். உரிமையாளரின் மைக்ரோசாப்ட் கணக்கில் அதைத் தேடிப் பார்க்கலாம்.

புதிய தட்டு தெரியவில்லையா?

சுழலும் வன்தட்டின் காலம் மாறிவருவதைக் கிள்ளான் பள்ளத்தாக்கே கண்டிருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தன் வன்தட்டுத் தொழிற்சாலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2018இல் அறிவித்தது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி தட்டுகளைத்தான் இன்று பலரும் வாங்குகிறார்கள்.

இயங்குதளத்தை நிறுவ, குறைந்தது 8 ஜிபி கொண்ட ஒரு பென்டிரைவ் வேண்டும். வேறொரு கணினியில் மைக்ரோசாப்ட் இணையத்தளத்திலிருந்து அதைத் தயாரித்துக்கொள்ளலாம். இதற்குப் பின் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் நான்கு வகை.

ஒன்று, பயாஸ் திரையிலேயே புதிய தட்டு தெரியாது. இணைப்புக் கம்பி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்.2 வகைத் தட்டு என்றால், அதிலும் சாட்டா, என்விஎம்இ என இரு பிரிவுகள் உண்டு. சில மதர்போர்டுகள் ஒன்றை மட்டுமே ஏற்கும்.

இரண்டு, பயாஸில் தெரியும் தட்டு, விண்டோஸ் நிறுவும் திரையில் தெரியாது. இன்டெல் 11ஆம் தலைமுறை முதலான கணினிகளில் இது அடிக்கடி நேர்கிறது. கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள சேமிப்பு டிரைவரைப் பென்டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' என்பதைச் சொடுக்கினால் தட்டு தெரியவரும்.

மூன்று, 'இந்தத் தட்டில் நிறுவ முடியாது' என்ற செய்தி வரும். தட்டின் பிரிவு முறை எம்பிஆராக இருக்க, கணினி ஜிபிடியை எதிர்பார்ப்பதே இதற்கு வழக்கமான காரணம். டிஸ்க்பார்ட் கட்டளையில் 'கிளீன்' கொடுத்து மாற்றலாம். ஆனால் 'கிளீன்' எந்தத் தட்டில் விழுகிறதோ, அந்தத் தட்டின் பிரிவுகள் ஒரே நொடியில் மறைந்துவிடும். பழைய தட்டை முன்பே கழற்றி வைக்கச் சொன்னதன் இன்னொரு காரணம் இதுதான்.

நான்கு, நிறுவும் வேலை பாதியில் நின்றுவிடும். வேறொரு பென்டிரைவில் முயன்று பார்க்க வேண்டும். அப்போதும் நின்றால் ரேம் நினைவகத்தைச் சோதிக்க வேண்டும்.

மீண்டும் பணம் கட்ட வேண்டுமா?

தட்டை மட்டும் மாற்றினால் பொதுவாக வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் டிஜிட்டல் உரிமம் கணினியின் வன்பொருளோடு, முக்கியமாக மதர்போர்டோடு, பிணைந்தது. சாவி எண் கேட்கும் இடத்தைத் தாண்டிச் சென்று, முன்பிருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ, நிறுவினால் இணையத்தில் இணைந்ததும் உரிமம் தானே திரும்பிவிடும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. எனவே விண்டோஸ் 11ஐக் கணினி ஏற்குமா என்று முதலில் பார்ப்பது நல்லது. ஏற்காத பழைய கணினிக்கு உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் இருக்கிறது. அதிலும் தமிழ் எழுதலாம், படிக்கலாம்.

தமிழ் எங்கே போயிற்று?

எல்லாம் முடிந்து பழைய அழைப்பிதழைத் திறந்தால், தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிட வேண்டாம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைப் பொருத்தி வைத்தவை. அந்த எழுத்துரு புதிய தட்டில் இல்லாததே காரணம். பழைய தட்டின் விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற கோப்புறை இருக்கும். நகலெடுக்கும்போது அதையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பிறகு கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

தட்டச்சுக்குக் கவலை இல்லை. தமிழ் 99 விசைப்பலகையும், மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைமுறையும் 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பு முதல் உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தேர்ந்தெடுத்தால் போதும்.

புதிய தட்டும் ஒரு நாள் பழுதாகும். இடிமின்னல் மிகுந்த இந்தப் பள்ளத்தாக்கில் அந்த நாள் சொல்லிக்கொண்டு வராது. வெளித்தட்டு ஒன்றில் ஒரு நகல், வேறொரு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இன்னொரு நகல் என்று வைத்துக்கொண்டால், அடுத்த முறை இழப்பது ஒரு பிற்பகல் மட்டுமே.