கிரியேட்டின் வேறு, கிரியேட்டினின் வேறு! ரத்த ரிப்போர்ட்டை பார்த்து பதறும் 'ஜிம்' வாலிபர்கள்

நாமக்கல்:

லாரிக்கு 'பாடி' கட்டுவதில் பேர் போன ஊர் நாமக்கல். இப்போது இங்குள்ள வாலிபர்கள் தங்களுக்கும் 'பாடி' கட்ட ஆரம்பித்து விட்டனர். விடிகாலையிலேயே ஜிம்களில் கூட்டம். பையில் துண்டு, தண்ணீர் பாட்டில், கூடவே ஒரு டப்பா வெள்ளை பவுடர். அந்த பவுடரின் பெயர் கிரியேட்டின்.

இதை சாப்பிடும் வாலிபர் வேறு ஏதோ காரணத்துக்காக ரத்த பரிசோதனைக்கு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் 'கிரியேட்டினின் 1.4' என்று தடித்த எழுத்தில் வருகிறது. பக்கத்திலேயே 'நார்மல் 0.7 முதல் 1.3 வரை' என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான், வீட்டில் ரகளை. "கண்ட பவுடரை தின்னு கிட்னியை கெடுத்துக்கிட்டியேடா" என்று அம்மா அழுகிறார். டப்பா குப்பைக்கு போகிறது. சிலர் அதற்கு பயந்து, பவுடர் சாப்பிடும் விஷயத்தை டாக்டரிடம் கூட மறைத்து விடுகிறார்கள். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு எழுத்துதான் வித்தியாசம்

இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரே ஒரு 'னி'தான் கூடுதல். ஆனால் ஒன்று சரக்கு, மற்றொன்று கழிவு.

கிரியேட்டின் நம் உடம்பிலேயே உள்ள பொருள். கல்லீரலும் கிட்னியும் சேர்ந்து தயாரிக்கின்றன. கறி, மீன் மூலமும் கிடைக்கிறது. 1832-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி செவ்ரல் இறைச்சியில் இருந்துதான் இதை முதலில் பிரித்து எடுத்தார். 70 கிலோ எடை உள்ள ஆண் உடம்பில் சுமார் 120 கிராம் இருக்கும். இதில் 95 சதவீதம் தசையில்தான்.

இந்த இருப்பில் தினமும் சுமார் 2 கிராம் தானாகவே சிதைந்து கழிவாகிறது. அந்த கழிவுதான் கிரியேட்டினின். கிட்னி அதை வடிகட்டி சிறுநீரில் வெளியேற்றி விடும். கிட்னி மந்தமானால் ரத்தத்தில் தேங்கும். அதனால்தான் கிட்னியை சோதிக்க டாக்டர்கள் இதை அளக்கிறார்கள்.

ஆனால் தசை அதிகம் உள்ளவர்களுக்கும், முதல் நாள் நிறைய கறி சாப்பிட்டவர்களுக்கும், கிரியேட்டின் பவுடர் எடுப்பவர்களுக்கும் இந்த அளவு கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். அடுப்பில் விறகு அதிகம் வைத்தால் சாம்பலும் அதிகம் விழத்தான் செய்யும். அதை பார்த்து அடுப்பே உடைந்து விட்டது என்று சொல்ல முடியுமா?

ரிப்போர்ட்டில் அதற்கு கீழே 'இ.ஜி.எப்.ஆர்.' என்று இன்னொரு எண் இருக்கும். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு அது. பெரும்பாலும் கிரியேட்டினினை வைத்தே இதை கணக்கு போடுவதால், அது ஏறினால் இது இறங்கும். அதாவது இரண்டு கெட்ட செய்தி மாதிரி தெரியும், உண்மையில் ஒன்றுதான்.

அலட்சியமும் ஆபத்து

அதற்காக "எல்லாம் பவுடர் வேலைதான்" என்று ரிப்போர்ட்டை மடித்து வைப்பதும் தப்பு. நிஜமாகவே கிட்னி பழுதாகி இருந்தாலும் இதே எண்தான் ஏறும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பவுடர் எடுப்பதை டாக்டரிடம் சொன்னால், சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்க சொல்வார். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பார். தேவைப்பட்டால் 'சிஸ்டாட்டின் சி' என்ற பரிசோதனை உள்ளது. கிரியேட்டின் பவுடரால் அதன் அளவு மாறுவதில்லை.

கிட்னி பயம் கிளம்பியதற்கு முக்கிய காரணம் 1998-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதம். இங்கிலாந்தில் 25 வயது வாலிபருக்கு கிரியேட்டின் சாப்பிட்ட பிறகு கிட்னி செயல்பாடு குறைந்தது. நிறுத்தியதும் பழைய நிலைக்கு வந்தது. ஆனால் அவருக்கு ஏற்கனவே பல ஆண்டுகளாக கிட்னி நோய் இருந்தது. ஆரோக்கியமானவர்கள் தினமும் 3 முதல் 5 கிராம் எடுத்து நடந்த ஆய்வுகளில் கிட்னி கெட்டதாக தெரியவில்லை. ஆக, கிட்னி நோய் உள்ளவர்கள் டாக்டரை கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்கள் பதற வேண்டியதில்லை.

'லோடிங்' என்றால் என்ன?

ஜிம்மில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. முதல் 5 முதல் 7 நாள் வரை தினமும் 20 கிராமை 4 வேளையாக பிரித்து சாப்பிடுவது லோடிங். அதன்பிறகு தினமும் 3 முதல் 5 கிராம் எடுப்பதற்கு 'மெயின்டனன்ஸ்' என்று பெயர். லோடிங் கட்டாயமே இல்லை. தினமும் வெறும் 3 கிராம் எடுத்தாலே சுமார் 28 நாளில் தசை அதே அளவு நிரம்பி விடுவது 1996-ல் வெளியான ஆய்விலேயே தெரிந்து விட்டது. லோடிங் செய்தால் சீக்கிரம் நிரம்பும், டப்பாவும் சீக்கிரம் காலியாகும். சிலருக்கு வயிற்றுப்போக்கும் இலவசம்.

முதல் வாரத்திலேயே 1 கிலோ, 2 கிலோ எடை ஏறும். "மாஸ்டர், சதை போட்டுடுச்சு" என்று குஷியாகி விடக்கூடாது. அதில் பெரும்பகுதி தசைக்குள் சேர்ந்த தண்ணீர்.

போலீஸ் வேலைக்கு தயாராகும் வாலிபர்கள் இதை கவனிக்க வேண்டும். தசை சுருங்க 'ஏ.டி.பி.' என்ற எரிபொருள் தேவை. முழு வேகத்தில் அது சில வினாடியில் தீர்ந்து விடும். உடனே மீண்டும் நிரப்பி கொடுப்பதுதான் கிரியேட்டினின் வேலை. அதுவும் சுமார் 10 வினாடி வரைதான் பெரிதாக கை கொடுக்கும். எனவே பளு தூக்குதல், 100 மீட்டர் ஓட்டம் போன்றவற்றுக்கு உதவும். 1,500 மீட்டர் ஓட்டத்துக்கு பெரிய லாபம் இல்லை. கயிறு ஏறும்போது அந்த கூடுதல் 2 கிலோவையும் சேர்த்துதான் தூக்க வேண்டும். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது லோடிங் ஆரம்பிப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

ஊசி போட சொன்னால்...

கிரியேட்டின் ஸ்டீராய்டு அல்ல. ஸ்டீராய்டு என்று ஜிம்மில் சொல்லப்படுவது ஆண் ஹார்மோனை போல செய்யப்பட்ட மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. இருதயம், கல்லீரல், ஆண்மை எல்லாவற்றையும் பாதிக்கும். உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடை பட்டியலில் ஸ்டீராய்டு உள்ளது, கிரியேட்டின் இல்லை. "இதுவும் கிரியேட்டின் மாதிரிதான் தம்பி" என்று யாராவது ஊசியை நீட்டினால் இடத்தை காலி செய்வது நல்லது.

முடி கொட்டும் என்ற பேச்சுக்கு ஆதாரமாக காட்டப்படுவது 2009-ல் தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்கள் 20 பேரிடம் நடந்த ஆய்வு. அதில் ஒரு ஹார்மோன் அளவு கூடியது. முடியை யாரும் அளக்கவில்லை.

நாமக்கல் ஸ்பெஷல் முட்டையை தினமும் 6 அடித்தாலும் கிரியேட்டின் கிடைக்காது. முட்டையில் புரதம் உண்டு, இது மிக மிக குறைவு. 5 கிராம் வேண்டுமானால் சுமார் ஒரு கிலோ கறி தின்ன வேண்டும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு உடம்பில் இருப்பு குறைவு என்பதால் பவுடரின் பலன் அவர்களுக்கு கூடுதலாக தெரியலாம்.

வாங்கும்போது டப்பாவில் 'கிரியேட்டின் மோனோஹைட்ரேட்' என்று இருந்தால் போதும். அதிகம் ஆய்வு செய்யப்பட்டது அந்த சாதாரண வகைதான். இரு மடங்கு விலையில் வரும் புது பெயர்கள் அதைவிட மேல் என்று நிரூபணம் ஆகவில்லை. உணவு பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க லைசென்சு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரித்து பாக்கெட் போட்டு விற்கும் பவுடரில் அந்த எண்ணும் இருக்காது, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. டப்பாவுக்குள் கிடக்கும் ஸ்பூன் சில கம்பெனியில் 3 கிராம், சிலவற்றில் 5 கிராம். லேபிளை படித்துவிட்டு அள்ள வேண்டும்.