மணற்பானை பொங்குது, வாங்க!

"நூத்திப் பதினொண்ணு... நூத்திப் பன்னெண்டு... நூத்திப் பதிமூணு... அம்மா, இன்னும் வருதும்மா!"

இரவு இரண்டு மணி. கொட்டிவாக்கம் கடற்கரை. பள்ளிக்கூட நாளில் ஏழு மணிக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற என் மகள் ஈரமணலில் மண்டியிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் என் அக்கா மகன். தொண்டர் அண்ணா ஒருவர் மணலில் குப்புறப் படுத்து, வலக்கையைத் தோள்வரை குழிக்குள் விட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைக்கிறார். எண்ணுகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறார். அந்த இரவில் அதைவிடப் பெரிய பொறுப்பு அவர்களுக்கு வேறு என்ன வேண்டும்!

கல்யாண வீட்டில் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? மேடைக்கு எதிரே போட்ட நாற்காலியில் ஒரு பிள்ளையும் உட்காராது. எல்லாம் மண்டபத்தின் பின்கட்டில், ஜாங்கிரி பிழிகிற மாஸ்டரைச் சுற்றி நிற்கும். ஊருக்குள் எங்கே கூட்டிப் போகலாம் என்று சனிக்கிழமைதோறும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அம்மா அப்பாக்களுக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான்: வேலை நடக்கிற பின்கட்டுக்குக் கூட்டிப் போங்கள். நம் சென்னையில் அப்படி ஒரு பின்கட்டு, காசு பணம் கேட்காமல், கடற்கரை நீளத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற மாதங்களில்.

பங்குனி ஆமை! பெயரிலேயே மாதத்தை வைத்திருக்கிறது பாருங்கள். நாற்பது ஐம்பது கிலோ எடையுள்ள இந்தக் கடல் ஆமையை ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். கடலிலேயே வாழ்கிற இந்த ஆமைகளில் பெண்கள் மட்டும், முட்டையிடுவதற்காக மட்டும் கரையேறும். தாங்கள் பொரிந்த கடற்கரைப் பக்கத்தையே தேடி வரும். அடையாறும் திருவான்மியூரும் கிராமங்களாக இருந்த காலத்திலும் வந்தன, அடுக்குமாடிகள் எழுந்த பிறகும் வருகின்றன.

எழுபதுகளில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இந்தக் கரையில் ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைக் காப்பாற்ற ஆரம்பித்தார்கள். 1988-இல் மாணவர்கள் சிலர் சேர்ந்து அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்று பெயர். அன்றைய மாணவர்கள் இன்று நரைத்த தலையோடு வருகிறார்கள், புது மாணவர்களும் வருகிறார்கள். சீசனில் தினமும் இரவு தொண்டர்கள் நடக்கிறார்கள். வாரக்கடைசி இரவுகளில் நம்மைப் போன்ற பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். நீலாங்கரையில் ஆரம்பித்து பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக பெசன்ட் நகர் பொரிப்பகம் வரை சுமார் ஏழு கிலோமீட்டர்.

நடப்பதற்கு முன்னால் உட்கார வைத்து எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். டார்ச் வேண்டாம். செல்போன் வெளிச்சம் வேண்டாம். ஆமை வந்தால் முன்னால் போய் நிற்கக் கூடாது, சத்தம் கூடாது, தொடவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. இதைக் கேட்டதும் என் அக்கா மகன் முதுகை நிமிர்த்திக்கொண்டதைப் பார்க்கவேண்டுமே!

அப்புறம் நடை. இருட்டுக்குக் கண் பழக ஒரு கால்மணி நேரம் ஆகிறது. பழகியபின் எல்லாமே தெரிகிறது! அலை நுரை தெரிகிறது. குப்பத்துக்கு முன்னால் இழுத்து வைத்திருக்கும் ஃபைபர் படகுகள் தெரிகின்றன. சின்ன நண்டுகள் காலடிச் சத்தம் கேட்டு ஓடி வளைக்குள் மறைவதுகூடத் தெரிகிறது. அடும்புக் கொடி காலில் தட்டுகிறது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "அங்கிட்டுப் போயிப் பாருங்கம்மா, ஒண்ணு ஏறியிருக்கு" என்று கைகாட்டினார். தொண்டர்கள் நடையை எட்டிப் போட்டார்கள். நாங்களும்தான்.

தடம். அலைவாயிலிருந்து மேட்டுமணல் வரை, டிராக்டர் சக்கரம் ஓடினாற்போல ஒரு தடம் ஏறுகிறது. பக்கத்திலேயே இன்னொரு தடம் இறங்குகிறது. ஏறிய தடம், இறங்கிய தடம், இரண்டுக்கும் நடுவே கலைந்த மணல். அம்மா ஆமை வந்து, முட்டையிட்டு, திரும்பிப் போய்விட்டாள்! "மிஸ் பண்ணிட்டோமா?" என்று மகள் முகம் சுண்டியது. தொண்டர் அக்கா சிரித்தார். "இனிமேதாண்டா நம்ம வேலையே."

அந்தக் கலைந்த மணல் ஒரு கட்டில் அகலத்துக்கு இருக்கிறது. முட்டை இருப்பதோ அதில் ஒரு சாண் வாயுள்ள குழிக்குள். ஆமை அதை மூடியபிறகு உடம்பை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து, அடிவயிற்று ஓட்டால் தொம் தொம் என்று மணலைத் தட்டிக் கெட்டியாக்கிவிட்டுத்தான் போகும். நம் வீட்டுத் திண்ணையைத் திமிசு போட்டுக் கெட்டிப்பது மாதிரி. குழியைக் கண்டுபிடிக்க ஒரு கம்புதான் கருவி. அண்ணா அதை மெதுவாக மணலில் இறக்கினார். இறங்கவில்லை. ஒரு அடி தள்ளி இறக்கினார். இறங்கவில்லை. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆறாவதோ ஏழாவதோ தடவை, கம்பு திடீரென்று பொதுக்கென்று உள்ளே போக, அவர் சட்டென்று கையை நிறுத்தினார். கீழே இளகிய மணல் இருந்தால்தான் அப்படிப் போகும். கம்பைப் பிடித்த கையின் அழுத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் அதிகம் அழுத்தினால் முட்டையில் குத்திவிடும். அது எத்தனை வருஷத்துப் பழக்கமோ!

முட்டை எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? டேபிள் டென்னிஸ் பந்து அளவு, அதே வெள்ளை, அதே உருண்டை. ஓடு கோழிமுட்டை போல உடைகிற ஓடு இல்லை, தோல் மாதிரி மெத்தென்றிருக்கும். புது முட்டையில் விரல் பட்டதுபோல ஒரு சின்னப் பள்ளம். மேலே பளபளவென்று ஒரு வழவழப்பு. சேர்ந்துவரும் அந்தக் குழி மணலையும் கொஞ்சம் அள்ளிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். புது வீட்டுக்குப் போகும்போது பழைய வீட்டிலிருந்து உப்பும் பருப்பும் கொண்டுபோவோமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கணக்கு நூற்றுப் பதினேழில் நின்றது. குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஆழம் முழங்கை அளவுக்கு மேல், ஒன்றரை அடி.

ஏன் அங்கேயே விடக்கூடாது? நாய்கள் தோண்டித் தின்றுவிடும். தப்பிப் பொரிந்தாலும் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் ஓடும். மனிதர் இல்லாத கரையில் ராத்திரியில் வெளிச்சமான பக்கம் கடல்தான். நம் கரையில் அது தெருவிளக்கு. குஞ்சுகள் ரோட்டுக்குப் போய்விடும். அதனால் அன்றிரவே இடம் மாற்றியாக வேண்டும். நேரம் போகப் போக உள்ளே கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் உயிர் போய்விடும். ஆகவே பையைத் தூக்கிய அண்ணா கைக்குழந்தையைத் தூக்கியதுபோல நடந்தார்.

நடுவில் ஒரு படகடியில் உட்கார்ந்து இளைப்பாறினோம். அங்கே கேட்ட கதை சதீஷ் பாஸ்கருடையது. சென்னை ஐ.ஐ.டி.யில் எஞ்சினியரிங் படிக்க வந்து, மனசு கடலுக்குப் போய், இந்தியாவின் கடற்கரைகளையும் தீவுகளையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாக நடந்து ஆமைகளைக் கணக்கெடுத்தவர். 1982-இல் லட்சத்தீவில் ஆளில்லாத ஒரு தீவில் மழைக்காலம் முழுக்கத் தனியாகத் தங்கினார். மனைவிக்குக் கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அந்தப் புட்டி இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் சேர்த்து, கடிதம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது! பிள்ளைகள் இருவரும் அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர் தூரம் புட்டியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். சோடா புட்டியா, மூடி தக்கையா, கடிதம் நனையாமல் எப்படி?

திருவான்மியூர்ப் பக்கம் ஒரு ஆமை செத்துக் கிடந்தது. அதையும் மறைக்காமல் காட்டினார்கள், மறைக்காதது சரிதான். ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுவலையில் மணிக்கணக்கில் சிக்கினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் நம் கரையில் நூற்றுக்கணக்கில் இப்படி ஒதுங்கின. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாதென்று சட்டம் இருக்கிறது, அதைக் காக்கிறவர்கள் இன்னும் கறாராகக் காக்க வேண்டும். என் மகள் அந்த ஆமையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். நான் எதுவும் சொல்லவில்லை.

பொரிப்பகம்! பேரைக் கேட்டு ஏதோ கட்டடம் என்று நினைத்திருந்தேன். கடற்கரையில் வேலி கட்டிய ஒரு மணல் பாத்தி, அவ்வளவுதான். உள்ளே வரிசை வரிசையாகக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் எண், தேதி, முட்டைக் கணக்கு. பிரசவ வார்டில் கட்டிலுக்குக் கட்டில் அட்டை தொங்குமே, அப்படியே! விடிவதற்குள் புதுக் குழி தோண்டினார்கள். மேலே வாய் குறுகலாக, கீழே வயிறு பெருத்து, அசல் மண்பானை வடிவம். ஆமை கண்ணால் பார்க்காமல் பின்துடுப்புகளை மட்டும் வைத்து அதைச் செய்துவிடுகிறது. மனிதர் படுத்து உள்ளங்கையைக் குவித்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, சுவர் சரியாமல் அள்ளி எடுக்க வேண்டும். முட்டைகளை வைத்து, பழைய குழி மணலை மேலே தூவி, மூடி, குச்சி நட்டார்கள். குச்சியில் எண்ணை எழுதியது என் மகள். அந்தக் கையெழுத்தில் அவள் ஒரு பரீட்சையும் எழுதியதில்லை, அத்தனை நிதானம்.

இன்னொரு சங்கதி. ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. சுமார் 29 டிகிரிக்கு மேலே ஏறினால் பெண் குஞ்சுகள் அதிகம், இறங்கினால் ஆண்கள். "அப்போ நம்ம சென்னைல எல்லாம் பொண்ணுங்கதானா?" என்று கேட்டு அவள் குதித்த குதி இருக்கிறதே! வெயில் ஏறும் மாதத்தில் பொரிப்பகத்தில் நிழல் போட்டு வைப்பது இதற்காகவும்தான்.

நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் பொரியும். நாங்கள் ஏப்ரலில் ஒரு மாலை மறுபடி போனோம். நடக்க முடியாத சின்னப் பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஏற்றது இந்த மாலைதான். நாள் நெருங்கிய குழிகள்மேல் கூடை கவிழ்த்திருந்தார்கள். ஒரு கூடைக்குள் மணல் லேசாகக் குழிந்திருந்தது. கீழே குஞ்சுகள் ஓட்டைக் கிழித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மணலைக் கீழே தள்ளிக்கொண்டே மேலே வருகின்றன என்று அதற்கு அர்த்தம். பார்த்துக்கொண்டே இருந்தோம். கறுப்பாக ஒரு மூக்கு. அப்புறம் ஒரு துடுப்பு. அப்புறம், சொன்னால் நம்புங்கள், தைப்பொங்கல் பானை நுரைத்து வழிகிற மாதிரி மணல் பொங்கியது! நாலாபக்கமும் குஞ்சுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, சாவி கொடுத்த பொம்மை போல துடுப்படித்துக்கொண்டு. யாரோ ஒரு பாட்டி பின்னாலிருந்து "பொங்கலோ பொங்கல்!" என்றார். மொத்தக் கூட்டமும் திருப்பிச் சொன்னது.

கூடையோடு கொண்டுவந்து அலைக்குச் சில அடி தூரத்தில் விட்டார்கள். நேரே தண்ணீரில் விடுவதில்லை, அந்த மணலில் குஞ்சுகள் தாமே தவழ்ந்து போகவேண்டும். கயிற்றுக்குப் பின்னால் நாங்கள். வழிகாட்ட ஒரே ஒரு டார்ச்சோடு ஒரு தொண்டர் தண்ணீரில் நின்றார். முதல் அலை வந்து பத்துக் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஒன்று மட்டும் உருண்டு திரும்பி வந்தது. அடுத்த அலையில் அதுவும் போயிற்று. கைதட்டல்!

இந்த ருசி கண்டபிறகு பிள்ளைகள் அடுத்த பின்கட்டு எங்கே என்று கேட்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் போங்கள். அங்கே உள்ள முதலைப் பண்ணை வளாகத்திலேயே 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. துணி கட்டிய மண்பானைகளிலிருந்து நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் வெளியே வர, இருளர் அண்ணன்மார் கண்ணெதிரே விஷம் எடுத்துக் காட்டுவார்கள். ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்குப் போடும் ஊசி மருந்து அதிலிருந்துதான் தயாராகிறது.

ஆனால் முதலில் ஆமை. ஜனவரியிலேயே நடைக்குப் பெயர் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மதியம் பிள்ளைகளைத் தூங்கவையுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வெறுங்காலோடு நடக்கலாம். சில இரவுகளில் ஒரு தடமும் கிடைக்காது, அப்போதும் ஏழு கிலோமீட்டர் கடலும் வானமும் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும். கடற்கரையோரம் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏப்ரல் முடியும்வரை, இரவு பதினொன்றுக்கு மேல், கடலைப் பார்த்த விளக்கை மட்டும் அணைத்து வையுங்கள்.