சிரிப்பின் விலை

பிள்ளைகளைப் படத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், "அடிதடி உண்டா, ஆபாசம் உண்டா?" என்று கேட்டறிவது வழக்கம். அப்படம் யாரைக் கண்டு சிரிக்கக் கற்பிக்கிறது என்று கேட்பவர் அரியர். நாமும் அண்மைக்காலம் வரை கேட்டதில்லை.

2012-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி பைரேட்ஸ்' என்னும் ஆங்கிலப் பொம்மைப் படத்தைச் சென்ற ஞாயிறன்று நம் இல்லத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து கண்டோம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரிலுள்ள ஆர்ட்மன் நிலையத்தார் எடுத்தது. பீட்டர் லார்டு இயக்கியது. கிடியன் டீஃபோ எழுதிய நகைச்சுவை நாவலைத் தழுவியது. பொம்மைகளை இம்மியிம்மியாக அசைத்து, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படம்பிடித்து, வினாடிக்கு 24 படங்களாக ஓடவிடுகின்றனர். அப்பொறுமையை எண்ணியே வியக்கலாம்.

கதை 1837-இல் நிகழ்கிறது. அழகிய தாடியும் அதற்கேற்ற தற்பெருமையும் உடைய கடற்கொள்ளைத் தலைவன் ஒருவன். கொள்ளையடிக்க மட்டும் அறியான். ஆண்டின் சிறந்த கொள்ளைக்காரன் என்னும் பரிசுக்காக ஏங்குகிறான். அவன் வாளுருவிப் பாயும் கப்பல்களில் ஒன்றில் பள்ளிச் சிறுவர் உல்லாசப் பயணம் செல்கின்றனர், மற்றொன்று பேய்க்கப்பல்! கடைசியில் சார்லஸ் டார்வின் அகப்படுகிறார். தலைவன் கிளியென்று வளர்க்கும் பாலி, மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து 17-ஆம் நூற்றாண்டில் அற்றுப்போன டோடோ இனம் என்று அவர் கண்டுகொள்கிறார். பிறகு பொன்னுக்காசைப்பட்டு, அப்பறவையை விக்டோரியா அரசியிடம் விற்றுவிட்டுத் தன் கூட்டத்தாரிடம் மறைக்கிறான் தலைவன். பரிசும் நிலைக்கவில்லை, தோழரும் பிரிகின்றனர். பாலியை மீட்கப் புறப்படும்போதுதான் அவன் மனிதனாகிறான்.

வாட்போரும் அரசியின் கொடுமையும் சிறு குழந்தைகளைச் சற்றே அச்சுறுத்தலாம். அரசியும் டார்வினும் இங்கே கற்பனைப் பாத்திரங்களே என்பதையும் சொல்லிவைத்தல் நன்று.

இனி, படத்திற்கு வெளியே நிகழ்ந்த ஒன்று. முன்னோட்டக் காட்சியில், கொள்ளையர் பாய்ந்தேறும் கப்பல் தொழுநோயாளருடையது என்று ஒருவர் கூற, அவர் கை கழன்று விழுவதாகக் காட்டி நகைத்திருந்தனர். தொழுநோயாளருக்காகப் பணிபுரியும் அமைப்புகள் இதனைக் கண்டித்தன. 2012 ஜனவரியில் ஆர்ட்மன் நிலையத்தார் அதனை மாற்ற இசைந்தனர்; வெளிவந்த படத்தில் அது கொள்ளைநோய்க் கப்பலாயிற்று. மருந்தால் முற்றிலும் குணமாகும் நோய். ஆயினும் நோய் நீங்கிய பின்னும் நம் நாட்டிலேயே எத்தனை பேர் ஒதுக்கப்படுகின்றனர்! ஒரு சிரிப்பை இழந்ததால் படம் குறைந்துவிடவில்லை.

இச்செய்தியைப் பிள்ளைகளிடம் கூறினோம். இளைய மகள் சற்றுநேரம் பேசாதிருந்து, "யாராவது சொன்னால் நிறுத்திவிடுவார்களா, அப்பா?" என்று கேட்டாள்.

நமக்குச் சுருக்கென்றது. சென்ற பொங்கல் விழாவில் அவள் மேடையேறித் 'தமிழ்மொழி' என்பதைத் 'தமில் மொளி' என்றாள். அவையினர் சிரித்தனர், முன்வரிசையில் இருந்த நாமும் சிரித்தோம். பள்ளியில் இந்தி, தெருவில் இந்தி, வீட்டில் மட்டுமே தமிழ் என்று வளரும் குழந்தை அவள். அன்று முதல் மேடையை நாடியதில்லை. நாணம் என்றே எண்ணியிருந்தோம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை, அப்பா" என்றாள். ஆயினும் வரும் விழாவில் பேசுவதாக இன்னும் சொல்லவில்லை.

விடுமுறையில் இப்படத்தைப் பிள்ளைகளோடு கண்டு மகிழுங்கள். அவ்வாறே, அடுத்த விழாவில் எந்தக் குழந்தையின் நாக்குத் தடுமாறினாலும், அது பேசி முடிக்கும்வரை பொறுமையோடு கேட்டுக் கைதட்டுங்கள். நாமும் அதற்கு உறுதி பூண்டிருக்கிறோம்.