கீசர் நிப்பிள் ஒடிந்தால்

கோயம்புத்தூரில் பல வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. சிறுவாணியிலிருந்தோ பில்லூரிலிருந்தோ வரும் நல்ல தண்ணி சமையலுக்கும் குடிக்கவும். போரிலிருந்து மேல் தொட்டிக்கு ஏறும் உப்புத் தண்ணி குளியலறைக்கு. கீசருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். உப்புத் தண்ணியைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து வெள்ளைப் பொருக்காகப் படியும். காயிலில் படிவது எல்லாருக்கும் தெரியும். பைப் இணைப்புகளின் மரை இடுக்கிலும் அது இறுகிப்போகும். சில வருடம் கழித்து ஹோஸை மாற்றலாம் என்று ஸ்பேனர் போட்டுத் திருப்பும்போது, கழல வேண்டிய நிப்பிள் (ஹோஸைச் சுவர்க் குழாயோடு இணைக்கும் சிறு மரைத்துண்டு) ஒடிந்து பாதி கையோடு வந்துவிடும். மரையுள்ள மீதிப் பாதி சுவருக்குள்ளேயே நின்றுவிடும்.

இதற்குக் காரணம் சுண்ணாம்பும், ‘இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிரலாம்’ என்கிற முரட்டுக் கையும்தான்.

நிப்பிளின் விலை சொற்பம். அது பூட்டியிருந்த மரை கெட்டால்தான் செலவு: டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும், அல்லது கீசர் டேங்கையே மாற்ற வேண்டியிருக்கும். அதனால் ஒடிந்த துண்டை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மரையில் கீறல் விழக்கூடாது.

முதலில் மின்சாரம். குளியலறை ஸ்விட்சை நம்ப வேண்டாம், எம்.சி.பி.யையே இறக்குங்கள். தண்ணீர் ஆறட்டும். உள்ளே போகும் லைனின் வால்வை மூடிவிட்டுச் சுடுதண்ணிக் குழாயைத் திறந்து வையுங்கள். அதன் வழியே காற்று உள்ளே போனால்தான், கீழே குளிர்நீர் வழியைக் கழற்றும்போது டேங்க் முழுதாக வடியும். சுடுதண்ணி வெளியே வரும் குழாய் டேங்கின் உச்சிவரை நீண்டிருப்பதால், அந்தப் பக்கம் மட்டும் கழற்றினால் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.

சுவருக்குள் நிற்கும் துண்டு பித்தளையோ ஜி.ஐ.யோ என்றால், அதன் துளைக்குள் எக்ஸ்ட்ராக்டரை இறுக்கி இடப்புறமாகத் திருப்ப வேண்டும். அசையாவிட்டால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். பிளாஸ்டிக் நிப்பிள் என்றால் வேறு வழி. ஆக்ஸா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்து, துண்டின் உட்புறத்தில் இரண்டு இடத்தில் பள்ளமாக அறுக்க வேண்டும். மரையைத் தொடும் முன்பே நிறுத்திவிடுங்கள். பிறகு சின்ன ஸ்குரூ டிரைவரால் உள்பக்கமாக மடக்கினால் துண்டு சுருண்டு வெளியே வரும். பொறுமை இல்லாதவர் இந்த வேலையில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

டேங்க் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். பெரும்பாலான கீசர்களில் அங்கே வெளிமரையுள்ள அரை இஞ்ச் குழாய் டேங்கோடு வெல்டிங் செய்யப்பட்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் பூட்டிய சேஃப்டி வால்வு இறுகிப்போயிருந்தால், ஒரு ஸ்பேனரில் குழாயை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் வால்வைத் திருப்ப வேண்டும். ஒரே ஸ்பேனரில் மல்லுக்கட்டினால் வெல்டிங் விட்டுவிடும். அப்படி விட்ட டேங்கை மறுபடி வெல்டிங் வைத்துக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே கண்ணாடிப் பூச்சு இருந்தால் அந்தச் சூட்டில் வெடித்துப்போகும், பிறகு துருதான். விரிசலில் எபாக்ஸி பசையை அப்புவதும் நாலு நாள் சமாதானமே. சூடும் அழுத்தமும் மாறிமாறி வரும் இடத்தில் அது நிலைக்காது.

புதிதாகப் போடும்போது பித்தளை நிப்பிளையே வாங்குங்கள். அளவு ஒத்துவராத பழைய மாடல் என்றால், ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் லேத் பட்டறைகளுக்கா பஞ்சம்? மாதிரியைக் காட்டினால் கடைந்து கொடுத்துவிடுவார்கள். டெஃப்ளான் டேப்பை மரையின் முனையைப் பார்த்தபடி வலப்புறமாகச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் பூட்டும்போதே பிரிந்துவிடும். கையால் முடிந்தவரை இறுக்கி, பிறகு ஸ்பேனரில் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. ரப்பர் வாஷர் உள்ள ஹோஸ் நட்டுக்கு டேப்பே வேண்டாம். அங்கே தண்ணீரைத் தடுப்பது வாஷர்தான். ஹோஸ் சுடுதண்ணி தாங்குவதா என்று கேட்டு வாங்குங்கள். லைன் மாற்றுவதாக இருந்தால் சி.பி.வி.சி. பைப் போடுங்கள், சாதாரண பி.வி.சி. கீசர் சூட்டில் இளகிவிடும்.

சுடுதண்ணிக் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் எம்.சி.பி.யைப் போட வேண்டும். காலி டேங்கில் போட்டால் காயில் கருகிவிடும்.

கீசர் சூடாகும்போது சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வருவதைப் பார்த்து, செய்த வேலை சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் சுமார் 350 மில்லி விரியும். வந்த வழியே திரும்ப முடியாதபடி வால்வு தடுப்பதால், விரிந்த நீர் வெளியேற வால்விலுள்ள சின்னத் துளைதான் வழி. சொட்டு தொந்தரவாக இருந்தால் ஒரு மெல்லிய டியூபை மாட்டித் தரைக்கு இறக்கிவிடுங்கள்; துளையை மட்டும் அடைக்காதீர்கள். சூடு ஏறாத நேரத்திலும் சொட்டு நிற்கவில்லை என்றால் வால்வையே மாற்ற வேண்டும்.