'கம்மியா ஓடுன கார்' என்றால் நல்ல காரா? பழைய ஸ்டைல் 'பிகாரோ' வாங்குவோர் ஏமாறாமல் இருக்க...

லண்டன்:

பார்த்தால் 1960-களில் ஓடிய கார் போல இருக்கும். வட்டமான ஹெட்லைட், பளபளக்கும் குரோம் பட்டை, வெள்ளை தோல் சீட், திறந்து மூடும் கூரை. ஆனால் இது 1991-ம் ஆண்டு ஜப்பானில் தயாரான 'நிசான் பிகாரோ' கார்.

இங்கிலாந்தில் பழைய கார் விற்பனை விளம்பரங்களில் இந்த காரை அடிக்கடி பார்க்கலாம். 'நன்றாக பராமரிக்கப்பட்டது, குறைவாகவே ஓடியது' என்று போட்டிருந்தால் விலையும் கூடிவிடும். "கம்மியா ஓடுன காருதானே... கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று சேமிப்பு பணத்தை எடுத்து நீட்டுபவர்கள், முதல் மழையிலேயே காருக்குள் குடை பிடிக்க நேரிடலாம்.

குலுக்கலில் விற்ற கார்

1989-ம் ஆண்டு டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் பிகாரோ முதன்முதலாக காட்டப்பட்டது. 1991-ல் விற்பனைக்கு வந்தது. முதலில் 8 ஆயிரம் கார்கள் மட்டுமே தயாரிக்க திட்டமிட்டு இருந்தனர். ஆனால் வாங்க ஆள் குவிந்ததால் எண்ணிக்கை சுமார் 20 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. அப்படியும் போதாமல் குலுக்கல் நடத்தி, பெயர் விழுந்தவர்களுக்கு கார் கொடுத்தனர்.

4 பருவ காலங்களை குறிக்கும் வகையில் 4 நிறங்களில் மட்டுமே இந்த கார் வந்தது. ஜப்பானை தவிர வேறு எந்த நாட்டிலும் நிறுவனம் இதை நேரடியாக விற்கவில்லை. ஜப்பானை போலவே இங்கிலாந்திலும் ஸ்டீயரிங் வலது பக்கம் என்பதால், பழைய கார்களாக அங்கு ஏராளமாக இறக்குமதி ஆனது. அமெரிக்காவில் 25 ஆண்டுகள் கடந்த வெளிநாட்டு கார்களுக்கு விதி தளர்வு உண்டு. இதனால் 2016 முதல் அங்கும் பிகாரோ போக ஆரம்பித்தது.

வெளியே பழசு... உள்ளே புதுசு

தோற்றம்தான் பழசு. உள்ளே இருப்பது அந்த காலத்து நிசான் மார்ச் காரின் பாகங்கள். ஐரோப்பாவில் மைக்ரா என்று விற்ற அதே கார்தான். 987 சி.சி. டர்போ என்ஜின், 3 கியர் ஆட்டோமேட்டிக்.

அதனால் என்ஜின் வேலை தெரிந்த மெக்கானிக் கிடைப்பது பெரிய கஷ்டம் இல்லை. கஷ்டம் எல்லாம் வெளிப்பக்கத்தில்தான். கிரில், விளக்கு, குரோம் பட்டை போன்றவை இந்த காருக்கு மட்டும் செய்யப்பட்டவை. ஒன்று உடைந்தாலும் தேடி அலைய வேண்டும். எனவே சின்ன பட்டை கூட காணாமல் போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

மைலா? கிலோ மீட்டரா?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஜப்பான் கார் என்பதால் மீட்டர் கிலோ மீட்டரில் ஓடும். இங்கிலாந்திலோ மைல் கணக்கு. ஒரு மைல் என்பது சுமார் 1.6 கி.மீ.

மீட்டரில் 50 ஆயிரம் என்று இருந்தால், கிலோ மீட்டர் கணக்கில் அது சுமார் 31 ஆயிரம் மைல்தான். அதே 50 ஆயிரம் மைல் கணக்காக இருந்தால் 80 ஆயிரம் கி.மீ. ஆகிவிடும். சில கார்களில் இறக்குமதிக்கு பிறகு மீட்டரையே மாற்றி இருப்பார்கள். அப்போது பாதி ஓட்டம் ஒரு கணக்கு, மீதி வேறு கணக்கு. மீட்டரை குறைத்து வைத்து விற்கும் ஆசாமிகளும் உண்டு.

இதை கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 3 ஆண்டு தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. எனும் தகுதி சோதனை உண்டு. அப்போது மீட்டர் ஓட்டமும் பதிவாகும். 2005-ம் ஆண்டு முதலான பதிவுகளை கார் நம்பரை கொடுத்து அரசு இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். எண் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இருக்க வேண்டும். நடுவில் இறங்கி இருந்தால் விற்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் கொடுத்த ஏற்றுமதி காகிதங்கள் இருந்தால் அவற்றையும் கேட்டு வாங்குவது நல்லது.

நின்றாலும் கெடும்

மீட்டர் உண்மையாகவே இருந்தாலும் வேலை முடிந்துவிடாது. கார் ஓடினால் மட்டும் தேய்வது இல்லை, சும்மா நின்றாலும் கெடும். டயர் இறுகி வெடிப்பு விடும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் கெட்டுப்போகும். ரப்பர் குழாய்களும் பெல்ட்டும் காய்ந்து போகும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணை பார்த்தாலே அதன் வயது தெரிந்துவிடும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம்.

திறந்து மூடும் கூரை உள்ள காரில் முக்கிய எதிரி தண்ணீர்தான். கூரையை சுற்றியுள்ள ரப்பர் சுருங்கினால் மழைநீர் உள்ளே இறங்கும். கீழே விரித்த கார்பெட்டை தூக்கி, கையால் தடவி பார்க்க வேண்டும். ஈர வாடை அடித்தால் அடித்தகட்டில் துரு இருக்க வாய்ப்பு அதிகம். அங்கு குளிர்காலத்தில் சாலையில் பனி உருக உப்பு தூவுவார்கள். அதுவும் துருவுக்கு தீனி. கதவுக்கு கீழ் பகுதி, சக்கரத்தின் மேல் வளைவு ஆகிய இடங்களை காரை தூக்கி வைத்து பார்க்க சொல்ல வேண்டும். புது பெயிண்டை பார்த்து மயங்கிவிடக்கூடாது.

ஆக, பல வருடம் மூடிக் கிடந்த 20 ஆயிரம் மைல் காரை விட, வருடா வருடம் சர்வீஸ் செய்து, பில்லை பத்திரமாக வைத்திருக்கும் 60 ஆயிரம் மைல் கார் மேல் என்று சொல்லலாம்.

நம்ம ஊருக்கு வருமா?

ஆசைப்பட்டாலும் கஷ்டம்தான். தயாரித்து 3 ஆண்டுக்கு மேல் ஆன பழைய கார்களை இந்தியாவுக்கு இறக்குமதி செய்ய பொதுவாக அனுமதி இல்லை. ஆனாலும் பிகாரோவின் உறவுக்கார கார் நமக்கு தெரிந்ததுதான். சென்னை அருகே ஒரகடத்தில் 2010-ம் ஆண்டு தயாரிப்பு தொடங்கிய நிசான் மைக்ரா, அதே வரிசையின் 4-வது தலைமுறை என்பது குறிப்பிடத்தக்கது.